விமானம் மாறுவதற்குப் பதினான்கு விதிகள்

வழியில் இறங்கி வேறு விமானம் ஏறுவது எப்படி என்று பதினான்கு விதிகள் எழுதியவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டியிருந்த ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக, கப்பலுக்குப் போகிறவர்கள் வாயில் ரைட்டராக, இருந்தேன். வெளிநாட்டில் நிற்கும் கப்பலுக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டால் விமானத்தில் அனுப்பலாமே என்று மேனேஜருக்கு ஒரு நாள் தோன்றியது. அதற்கொரு நடைமுறை வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். நான்கு பக்கம், டைப் அடித்து, மூன்று நகல். அதுவரை மீனம்பாக்கம் விமான நிலையத்தை நான் பஸ் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நடைமுறை எழுதுகிறவனுக்கு அனுபவம் ஓர் இடைஞ்சல் என்பது இன்றும் என் கருத்து.

விதிகள் ஆறு மாதம் பீரோவில் நிம்மதியாக இருந்தன. பிறகு ஒரு தந்தி வந்தது. ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் நின்ற கப்பலில் சாரங்கு, அதாவது டெக்கில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தலைவர், கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கப்பல் வியாழக்கிழமை மதியம் கிளம்பும். அதற்குள் சென்னையிலிருந்து வேறு சாரங்கு வந்தால் சரி, இல்லாவிட்டால் அங்கேயே ஒருவரைப் பிடித்துக்கொள்வதாகக் கேப்டன் சொல்லியிருந்தார்.

எங்களிடம் ஆள் இருந்தார். ராயபுரம் கடலோரக் குப்பத்துக்காரர், என் வயதுதான். கட்டுமரத்தில் தொடங்கிக் கப்பலுக்குப் போனவர்; அதனால் குப்பத்தில் அவருக்குக் கப்பல்காரர் என்றே பெயர். பன்னிரண்டு வருஷமாகச் சாரங்குக்கு அடுத்த ஆளாகவே இருந்தார். அவருக்குக் கீழே இருந்த இரண்டு பேர் அவர் கண்ணெதிரே சாரங்கு ஆகிவிட்டிருந்தார்கள். இந்த வியாழக்கிழமை தவறினால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று சொல்ல எங்கள் ஆபீசில் எந்த ரிஜிஸ்தரும் கிடையாது.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவரைத் தனியே அனுப்ப மேனேஜர் தயங்கினார். கால் உடைந்தவரை அழைத்து வரவும் ஒருவர் வேண்டும். விதி எழுதினவரே போகட்டும் என்றார். அன்றிரவு என் விதிகளை நானே மூன்று தடவை படித்தேன்.

புறப்படும் காலையில் கப்பல்காரரின் மனைவி ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நைனா, இதுக்கு முன்னாடி பிளேன்ல போய்கீறியா?”

“எல்லா நடைமுறையும் எனக்குத் தெரியும்மா.”

“நா அத்த கேக்கலியே.”

பிறகு புருஷனைச் சுவரோரம் அழைத்துப் போய்க் காதில் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பம்பாய் தாண்டும் வரை முதல் ஐந்து விதிகளும் எழுத்துப் பிசகாமல் நடந்தன. அம்மை குத்திய சான்றிதழ், காலரா ஊசிச் சான்றிதழ், வருமான வரி நிலுவை இல்லை என்ற கடிதம் எல்லாம் கேட்ட வரிசையிலேயே என் பையிலிருந்து வந்தன. புதன்கிழமை காலை, விமானம் மாற வேண்டிய பெரிய விமான நிலையத்தில் இறங்கினோம். அதன் பெயர் வேண்டாம். பாவம், கட்டி முடிப்பதற்குள் உலகத்துக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். பழைய கொட்டகைகள், பாதி எழும்பிய புதுக் கட்டடம், இரண்டையும் இணைக்கும் நீண்ட மர நடைபாதைகள். ஒவ்வொரு நடைபாதையும் வேறெங்கோ போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஆளுக்கொரு பச்சை அட்டை கொடுத்துப் புதுக் கட்டடத்தின் கூடத்தில் உட்கார வைத்தார்கள். எங்கள் விமானம் பதினொரு மணிக்கு.

இறங்கிய பழைய கொட்டகையிலிருந்து அந்தக் கூடத்துக்கு வரும் வழியெல்லாம் கப்பல்காரர் ஜன்னல் ஜன்னலாக நின்று வெளியே பார்த்தார்.

“என்ன வேடிக்கை?” என்றேன்.

“வேடிக்க இல்ல ரைட்டரே. அடையாளம் புடிச்சுகினு வரேன்.”

அவர்கள் கடலில் செய்வது அது. மீன் கிடைத்த இடத்தை நினைவில் வைக்க, கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு உயரமான பொருள்களைப் பார்த்துக்கொள்வார்கள். திருவொற்றியூர்க் கோபுரமும் அதற்குப் பின்னால் ஓர் ஆலைப் புகைபோக்கியும் ஒரே கோட்டில் வந்தால், அந்தக் கோட்டில்தான் படகு. தண்ணீரில் கோடு கிழித்த மாதிரி திரும்பப் போகலாம். நல்ல முறைதான், படிக்காதவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் நானும் ஒரு ஜன்னலில் எட்டிப் பார்த்து எனக்கென்று ஓர் அடையாளத்தை மனதில் குறித்துக்கொண்டேன்.

ஏழாவது விதி: ஒலிபெருக்கி அழைக்கும் வரை இடத்தை விட்டு எழக்கூடாது. உட்கார்ந்திருந்தோம். பத்தேகால் ஆயிற்று.

“இன்னா ரைட்டரே, கூப்டுவானா?”

“கூப்பிடுவான். அதுதான் முறை.”

“கப்பல் கெளம்பசொல்ல கரைல கீறவனாண்ட சொல்லிகினா கெளம்பும்? நீ எதுக்கும் போய் ஒரு வார்த்த கேளு.”

அவர் நச்சரிப்புத் தாங்காமல் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் அட்டைகளைப் பார்த்துவிட்டு, உங்கள் விமானம் இங்கிருந்து இல்லையே, நீங்கள் இறங்கிய பழைய கொட்டகையிலிருந்து அல்லவா என்றாள். மணி பத்தரை.

“வழி எனக்குத் தெரியும்” என்று கப்பல்காரர் கையைப் பிடித்து இழுத்தேன். என் அடையாளம் ஒரு சிவப்பு வால். தரையில் நின்ற ஒரு விமானத்தின் வால். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு நேராக அந்த வால் தெரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். நடந்தோம். வால் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் தள்ளித் தெரிந்தது. இன்னும் நடந்தோம். இன்னும் தள்ளிப் போயிற்று. கடைசியில் இடப்பக்கம் திரும்பியபோது ஒரு சமையல்கூடத்தில் நின்றோம். வெள்ளைத் தொப்பிக்காரர்கள் ரொட்டியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு டிராக்டர் என் அடையாளத்தை நிதானமாக இழுத்துக்கொண்டு போயிற்று.

கப்பல்காரர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஓட்ற படக அடையாளம் வச்சு எவனாச்சும் வல போடுவானா ரைட்டரே?”

மணி பத்தே முக்கால். அவருடைய பன்னிரண்டு வருஷத்தை நான் ரொட்டி அடுக்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. சமையல்கூடத்தின் பின்கதவைத் திறந்து வெளியே போய் நின்றார். வரும் வழியில் அவர் பிடித்து வைத்த அடையாளங்கள் தெரிந்தன: தண்ணீர்த் தொட்டி ஒன்று, அதற்குப் பின்னால் கொதிகலன் அறையின் புகைபோக்கி. இரண்டு அடி வலப்புறம் நகர்ந்தார், ஓர் அடி பின்வாங்கினார். “தோ, வந்துச்சு. ஜல்தி வா” என்று நேராக நடந்தார். நடைபாதைகளையெல்லாம் விட்டுவிட்டு, செங்கல் குவியலுக்கு மேல், அனுமதி இல்லை என்று எழுதிய இரண்டு பலகைகளுக்கு நடுவே. அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டேன்.

கொட்டகை கண்ணுக்குத் தெரிந்ததும் ஒரு காவலாளி வழிமறித்தான். இது என் இலாகா. பையைத் திறந்து ஒவ்வொரு தாளாக எடுத்து, தேதி, முத்திரை, கையெழுத்து என்று விளக்க ஆரம்பித்தேன். மொத்தம் ஒன்பது. நான்காவதான காலரா ஊசியைத் தொடங்கியபோதே அவன் கண் சொருகிவிட்டது. போகச் சொல்லிக் கைகாட்டினான். ஐந்தாவதையும் பார்த்துவிடும்படி நான் சொன்னதாகவும், கப்பல்காரர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போனதாகவும் அவர் பிற்பாடு குப்பத்தில் சொல்லித் திரிந்தார். இருக்கலாம்.

விமானத்தின் ஏணியை இன்னும் எடுத்திருக்கவில்லை.

மறுநாள் மதியம் கப்பல் தளத்தில் கப்பல்காரர் சாரங்கு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். நான் கரையில் நின்றேன். அவர் ஊதினார், கயிறுகளை அவிழ்த்தார்கள். கப்பல் விலகும்போது என்னை நோக்கிக் குனிந்து சொன்னார்:

“ரைட்டரே, திரும்பிப் போவசொல்ல டாங்கியப் பாரு. பிளேனப் பாக்காதே.”

பிளேனைப் பார்க்கவில்லை. கால் உடைந்த பழைய சாரங்குடன் அதே நிலையத்தில் விமானம் மாறியபோது தொட்டியையும் புகைபோக்கியையும் பார்த்தே நடந்தேன். அரை மணி நேரம் மிச்சமாக வந்து சேர்ந்தோம்.

ஆபீசுக்குத் திரும்பியதும் பதினைந்தாவது விதியாக, நகராத இரண்டு பொருள்களைக் குறித்துக்கொள்க என்று சேர்த்தேன். மேனேஜர் அதற்கு ஆதாரம் கேட்டார். வாசலில் கப்பல்காரரின் மனைவி காத்திருந்ததால் பிறகு சொல்கிறேன் என்று எழுந்து போனேன்.

“சாரங்கு ஆயிட்டாரா?” என்றாள்.

“விசில் ஊதினதை நானே பார்த்தேன்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூடையிலிருந்து இரண்டு வஞ்சிரத்தை எடுத்துப் பனையோலையில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

“வழில தொலஞ்சு கிலஞ்சு போவாம வந்துட்டியே நைனா. உன் கைய வுட்றாதேன்னு அன்னிக்கே எங்க வூட்டுக்காரராண்ட சொல்லித்தான் அனுப்ச்சேன்.”