செல்லத்தாய் போன பரீட்சைகள்

புனேயில் டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டை ஏப்ரன் என்கிறார்கள். மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டல் பக்கம் நான் இஸ்திரி வண்டி போட்ட முதல் நாள், ஒரு பையன் ஓடி வந்து, "காகா, ஏப்ரன், ஜல்தி!" என்றான். காகா என்றால் சித்தப்பா, ஜல்தி என்றால் சீக்கிரம், அது தெரியும். ஏப்ரன் என்ன பண்டமோ, நம்மிடம் இல்லை என்று கையை விரித்தேன். தோளில் கிடந்த கோட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினான். அப்படித் தொடங்கிய தொழில். ஐந்தாவதோடு நின்றவன் நான். இன்று விஷ்ராந்த்வாடியில் சொந்த வீடு, கடையில் மூன்று பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். யார் தயவும் இல்லை. எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்தில் என்னைக் கரிப்பெட்டி என்று கேலி செய்தவர்கள் இதைப் படிக்கட்டும்.

டாக்டர் படிப்பு எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமா, என்னைக் கேளுங்கள். அத்தனையும் என் மேசைக்கு வந்திருக்கிறது. முதல் வருடம் பிணத்தை அறுத்துப் படிக்கிறார்கள். மூன்று தண்ணீர் அலசினாலும், சூடு பட்டதும் அந்தக் கோட்டில் பிணம் ஊறிய மருந்தின் வாடை கிளம்பிக் கண் எரியும். அடுத்து கிருமிக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கிற வருடம். கையெல்லாம் ஊதாக் கறை, எந்தச் சோப்புக்கும் மசியாது. பிறகு வார்டு. ஸ்டெதாஸ்கோப்பைத் திணித்துத் திணித்துப் பாக்கெட் வாய் பிளந்திருக்கும். கடைசியாக இன்டர்ன் வேலை. கண்ட இடத்தில் தூங்கி எழுந்த கசங்கல், ரத்தப் பொட்டு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டே எந்த வருடம் என்று சொல்லிவிடுவேன், தப்பியதே இல்லை. ஆனால் அந்தப் படிப்பில் ஒன்று மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் மனைவி செல்லத்தாய்க்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதயத்தின் வால்வு சுருங்கிவிட்டது. பிள்ளை பெற்றால் உயிருக்கு ஆபத்து என்றார்கள், பெறவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் இங்கே காலேஜ் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்தார். "இப்போதைக்கு மாத்திரை போதும். மூச்சு அதிகமாக வாங்கினாலோ கால் வீங்கினாலோ அன்றைக்கே வந்துவிடு" என்றார். சில மாதம் கழித்து ஆஸ்பத்திரிச் சிப்பந்தி ஒருவன் கடை வாசலில் நின்று, "நாளைக்குப் பரீட்சை, உன் வீட்டம்மாவை அனுப்பு" என்றான். "அவளுக்கு எழுத்துக்கூட்டவே வராதே ஐயா" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கடைசி வருடப் பிள்ளைகளுக்கு நிஜ நோயாளியை வைத்துத்தான் பரீட்சையாம். நோயாளியிடம் விசாரித்து, தொட்டுப் பார்த்து, நெஞ்சைக் கேட்டு, என்ன நோய் என்று பிள்ளை சொல்ல வேண்டும். செல்லத்தாயின் நெஞ்சில் சத்தம் தெளிவாகக் கேட்குமாம். நல்ல கேஸ் என்று அவளுக்குப் பெயர்.

முதல் பரீட்சைக்குப் போய்விட்டு வந்த அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"ஏங்க, ஒரு பிள்ளைக்குக் குழல எங்க வச்சுக் கேக்கணும்னே தெரியல. நாந்தான் இடது பக்கமாத் திரும்பிப் படுத்து, இங்க வையி தாயீன்னு காட்டிக் குடுத்தேன்."

"பாஸாயிட்டாளா?"

"பின்ன? கேஸு யாருன்னு நெனச்சீய?"

ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூப்பிட்டார்கள். வருடக்கணக்காகப் போனாள். புதுச் சேலை, தலை நிறையப் பூ. வாத்தியார் கையில் அவள் விவரமெல்லாம் எழுதிய தாள் இருக்கும் என்று ஒரு மாணவன் என்னிடம் சொல்லியிருந்தான். அதனால் முந்தின நாளே அவளை உட்காரவைத்து ஒப்பிக்கச் சொல்வேன். "ஏட்டி, போன வாட்டி சொன்னதையே சொல்லணும். மாத்திச் சொன்னா பிள்ளைக பெயிலாப் போயிரும்." படி ஏறினால் மூச்சு வாங்கும், படுத்தால் வாங்காது, கால் வீக்கம் இல்லை. பாடம் மாதிரிச் சொல்வாள். தனியாக டாக்டரிடம் காட்டுவதையே நிறுத்திவிட்டோம். வருடத்துக்கு இரண்டு தடவை இத்தனை டாக்டர்கள் காது வைத்துக் கேட்கிறார்கள், எந்தப் பணக்காரனுக்கு இப்படி நடக்கும் என்று கடையில் பெருமை அடித்தேன்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு மழைக்காலம். அவளுக்குச் செருப்பு நுழையவில்லை. தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்கினாள். "ஆஸ்பத்திரிக்குப் போவோமா?" என்று நானும் கேட்டேன். "திங்கக்கெழம பரீட்சைதான, எல்லாரும் பாக்கத்தாம் போறாக" என்றாள். அதுவும் சரி என்று இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தேன். திங்கட்கிழமை போனாள், ஒப்பித்தாள், வந்தாள். ஒன்பதாம் நாள் காலை, சோறு வடித்துக்கொண்டிருந்தவள் மூச்சுக்குத் தவித்தாள். ரிக்ஷா ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே என் மடியில் அடங்கிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அஸ்மிதா வந்தாள். இந்த ஊர்ப் பெண், ஐந்து வருடமாக அவள் ஏப்ரன் என் கடையில்தான். அந்தத் திங்கட்கிழமை செல்லத்தாயைப் பரீட்சித்தது தான்தான் என்றாள். அவள் மராத்தியில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். மாவ்ஷி, அதாவது சித்தி, என்று அவள் சொல்வது செல்லத்தாயை.

"காகா, மாவ்ஷி கால்ல விரல வச்சு அழுத்தினேன், குழி விழுந்துச்சு. எப்ப இருந்து வீக்கம்னு கேட்டேன். 'வீக்கம் இல்ல தாயீ, இல்லேன்னே எழுது'ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. இந்தக் கேஸுக்குக் கால் வீக்கம் கெடையாதுன்னு வருஷா வருஷம் கை மாறி வர்ற எங்க எல்லார் நோட்டுலயும் இருக்கு. இல்லேன்னே சொன்னேன். பாஸாயிட்டேன்."

"வாத்தியார் பாக்கலயாம்மா?"

"அவர் என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தார், காகா."

இதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. பரீட்சை வார்டில் எல்லோரும் பிள்ளைகளைப் பரீட்சித்தார்கள். நோயாளியைப் பார்க்க அன்று அங்கே டாக்டரே இல்லை. அஸ்மிதா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இல்லை என்று சொல்லச் செல்லத்தாயைப் பழக்கியவன் நான்.

ஊரிலிருந்து தம்பி போன் பண்ணுகிறான். "அண்ணே, அங்க இன்னும் யாருக்காக இருக்கிய? வந்துருங்க." வரலாம். செல்லத்தாயின் சாம்பலைத் தாமிரபரணியில் கரைத்துவிட்டு வந்தேன். சாம்பல் அங்கே இருக்கிறது. ஆனால் அவள் நெஞ்சின் சத்தம் இங்கே படித்துப் போன டாக்டர்களின் காதில் இருக்கிறது. நாக்பூரில் ஒருவன், லாத்தூரில் ஒருத்தி. தாலி கட்டிய நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று அஸ்மிதாவிடம் அதைத்தான் கேட்டேன், எப்படி இருக்கும் அந்தச் சத்தம் என்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடித்த கோட்டுகளுக்கு நடுவே மேசையில் இரண்டு விரலால் தட்டினாள். வாயாலும் சொன்னாள். "றுப்... ட-ட... ர்ர்ர்ர். றுப்... ட-ட... ர்ர்ர்ர்." தூரத்தில் வண்டி உருண்டு போவதுபோல இருந்தது. நிறுத்தினாள்.

"இன்னொரு வாட்டி" என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன். அவள் புரியாமல் விழித்தாள். இத்தனை வருடம் பேசிய மராத்தியில் அந்த நேரம் ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை. அவள் விரலைப் பிடித்து மேசைமேல் வைத்தேன்.