அரைப் பேர்

என் வீட்டுக்காரர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். ஆஸ்பத்திரியில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்போம், அவள் சொல்லிவிடுவாள். அந்தப் பழக்கம் விடவில்லை, அதனால் இங்கேயும் எழுதப் போவதில்லை. ஆனால் ஒரு வருசம் முழுக்க, அந்தப் பேரை வேறு யாராவது சத்தமாகச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று காத்திருந்தேன். அதுவும் ரேடியோவில். அதைத்தான் சொல்லப் போகிறேன். சந்தோசமான கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

தோட்டத்தில் பேர் என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டு. பகல் முழுக்க உழைத்து, சொன்ன அளவை முடித்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். அளவு குறைந்தால் அரைப் பேர். வேலையிலிருந்து நீக்கினால் பேர் வெட்டிவிட்டார்கள் என்போம். ஆகவே எங்கள் ஆட்களிடம் ‘பேர் போட்டாச்சு’ என்றால் அது முடிந்துபோன காரியம். எங்கள் கணக்கப்பிள்ளை லேசுப்பட்ட ஆள் இல்லை, ஆனால் அவர்கூட ஒருமுறை போட்ட பேரை இல்லை என்றதில்லை. அந்தச் சொல்லை நம்பித்தான் நாங்கள் கெட்டோம்.

கல்யாணம் ஆனபோது அவர் தோட்டத்துத் தப்பால்காரர். காலையில் சைக்கிளில் அட்டனுக்கு இறங்கி, துரையின் கடிதங்களையும் பேப்பரையும் பங்களாவுக்கு வேண்டிய இறைச்சியையும் பையில் போட்டுக்கொண்டு ஏறி வரவேண்டும். மற்றத் தோட்டத்துத் தப்பால்காரர்கள் பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார்கள். இவர் இறங்கமாட்டார். மழையில் சட்டை உடம்போடு ஒட்டிக்கிடக்க, நாக்கைக் கடித்துக்கொண்டு மிதித்து வருவதைக் கொழுந்து மலையில் இருந்து நானே பார்த்திருக்கிறேன்.

“எறங்கித் தள்ளிக்கிட்டு வந்தா தொர வீட்டு எறச்சி அழுகிப்போயிருமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எறங்கினா மறுபடி ஏறி ஒக்கார மனசு வராது புள்ள” என்றார்.

அட்டன் டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கொழும்பில் வருசா வருசம் மூன்று நாள் சைக்கிள் ரேஸ் ஒன்று நடக்கும். முதல் நாள் கொழும்பிலிருந்து கினிகத்தேனை வழியாக நுவரெலியாவுக்கு ஏற்றம். இரண்டாம் நாள் கண்டிக்கு இறக்கம். மூன்றாம் நாள் மறுபடியும் கொழும்பு. அதில் முதலாளியின் கடைப் பேரில் நாலு பேர் ஓடுவார்கள். மலை ஏற ஓர் ஆள் வேண்டும் என்று இவரைக் கேட்டார். மாதச் சம்பளம், ரேஸ் சைக்கிள், மற்ற நேரத்தில் கடையில் பஞ்சர் ஒட்டினால் போதும். சைக்கிள் மிதிக்கச் சம்பளம் தருவார்கள் என்று எங்கள் லயத்தில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. இவர் போனார். தோட்டத்தில் உடனே பேர் வெட்டினார்கள். எனக்குக் கொழுந்து வேலை இருந்ததால் லயத்து அறை தப்பித்தது.

முதல் வருச ரேஸில், கினிகத்தேனை உச்சியில் இவர்தான் முதல் ஆளாக வந்தாராம். நுவரெலியாவுக்குள் நுழையும்போது இவருக்கு முன்னால் ஒருவன்தான். ஆனால் அடுத்த நாளே கதை மாறியது. இறக்கத்திலும் சமநிலத்திலும் பெரிய உடம்புக்காரர்கள் எல்லாம் இவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். மூன்று நாளும் சேர்த்துப் பார்க்கும்போது எங்கேயோ நடுவில் கிடந்தார். ரேடியோவில் முதல் மூன்று பேரைத்தான் சொன்னார்கள்.

“மலையில ஒன்ன அடிக்க ஆள் இல்ல தம்பி” என்றாராம் முதலாளி. “சமநெலத்துல மட்டும் பழகிட்டீன்னா, வர்ற வருசம் ஒன் பேருதான் ரேடியோவுல.”

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! விடியுமுன் எழுந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் போவார். கால் நன்றாக இருக்கும் நாளில் அதற்கும் மேலே பட்டிப்பொல வரைக்கும் ஏறிவிட்டு வருவார். சமநிலம் பழகவேண்டுமே, எங்கள் பக்கம் சமநிலத்துக்கு எங்கே போவது? நுவரெலியாக் குளத்தோரம் இருக்கும் துண்டு ரோட்டில் செக்கு மாடு மாதிரிப் போயும் வந்தும் சுற்றிக்கொண்டிருந்தார். பனி கொட்டும் மாதங்களில் உதடு வெடித்து ரத்தம் காய்ந்த முகத்தோடு வீட்டுக்கு வருவார். ராத்திரி அவர் பாதத்தைத் தொட்டால் செத்தவன் பாதம்போல் சில்லிட்டிருக்கும். எனக்குப் பயமாக இருக்கும்.

வீட்டில் நின்ற கோழிகள் இட்டதெல்லாம் அவருக்கு முட்டைக் கோப்பியாகப் போனது. எனக்கு ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும்தான். “நான் என்ன வயித்த கட்டித்தான் ரேடியோவுல பேரு வரவைக்கணுமா?” என்று கத்துவேன். கத்திவிட்டு மறுநாளும் முட்டையை அடித்துக் கலக்கிக் கொடுப்பேன். ஏனென்றால் எனக்கும் ஆசை வந்துவிட்டது. லயத்துப் பெண்கள் கொழுந்து எடுக்கும்போது, “ரேடியோவுல பேரு சொன்னா நீ என்னடி பண்ணுவே, காதப் பொத்திக்குவியா?” என்று கேலி செய்வார்கள். நான் முறைப்பேன், உள்ளுக்குள் இனிக்கும். என் வாயால் சொல்லக்கூடாத பேரை நாடே கேட்கப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஐப்பசி மழை தொடங்கிய நேரம். இவருக்குப் பதிலாகத் தப்பால் வேலைக்கு வந்தவன் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டான். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் எங்களுக்குக் கொழுந்து மலை பிரித்துவிட்டு, கணக்கப்பிள்ளை என்னை நிறுத்திக் கேட்டார்.

“தொர ஆள் தேடுறாரு. ஒன் புருசன் வர்றானா? நாளைக்கு மறுநாளைக்குள்ள சொல்லணும். வந்தா பேரு பதிஞ்சிடலாம். இல்லைன்னா வேற ஆளுக்குப் போயிடும்.”

அன்று ராத்திரி எங்களுக்குள் பெரிய சண்டை. ரேஸ் வருசத்தில் மூன்று நாள், தப்பால் வருசம் முழுக்க என்றேன். காலில் ஒன்று ஆகிவிட்டால் முதலாளி திரும்பிப் பார்க்கமாட்டார் என்றேன். அவர் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் கடைக்குப் போய் முதலாளியிடம் நேராகவே கேட்டிருக்கிறார், இந்த வருசமும் நான் ஓடுவேனா என்று. வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

“பேரு போட்டாச்சாம் புள்ள! கொழும்புக்கு அனுப்பியும் ஆச்சாம்.”

பேர் போட்டாச்சு என்றால் போட்டாச்சுதானே? நானே போய்க் கணக்கப்பிள்ளையிடம் வேண்டாம் என்று சொன்னேன். அடுத்த வாரமே வேறொருவன் தப்பால் பையை மாட்டிக்கொண்டு போனான்.

மார்கழியில் மழை பொழிந்து தள்ளியது. கினிகத்தேனைக்குக் கீழே, கொழும்பு ரோட்டில் பொல்பிட்டியப் பக்கம் மலை இடிந்து ரோட்டோடு கீழே போய்விட்டது என்று பஸ்காரர்கள் சொன்னார்கள். எங்களுக்கு அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. மழைக்காலத்தில் மண் சரிவது எங்கள் பக்கம் புதினமா? லொறி அரிசி கொண்டுவரவில்லை என்றுதான் கவலைப்பட்டோம். தை கழிந்து ஒருநாள் அவர் கடையிலிருந்து சீக்கிரமாகவே வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் தள்ளிக்கொண்டு வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“என்னங்க, பஞ்சரா?”

“இல்ல. இந்த வருசம் மல இல்லையாம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கதவைத் திறந்தால் எதிரே நிற்கிறது மலை, பின்னால் நிற்கிறது மலை, இந்த மனுசன் மலை இல்லை என்கிறாரே என்று பார்த்தேன். பிறகுதான் மெதுவாகச் சொன்னார். ரோடு சரியாக இன்னும் மாதக்கணக்காகும். அதனால் ரேஸைக் கடலோரமாக மாற்றிவிட்டார்கள். கொழும்பிலிருந்து காலி, மாத்தறை, திரும்ப வருவது. மூன்று நாளும் சமநிலம். ஒரு மேடுகூட இல்லை.

“அதுக்கென்ன, பேருதான் போட்டாச்சுல்ல?”

“நானும் அததான் கேட்டேன். பேரு இருக்கு, யாரு எடுத்தான்னு கேக்குறாரு. ஆனா அஞ்சாவது ஆளா இருக்காம். நாலு பேர்ல எவனுக்காவது முடியலைன்னாத்தான் நான்.”

டவுனில் பேர் போடுவது என்றால் சும்மா எழுதிவைப்பது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலாளியைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், இடிந்த மலையையும் திட்டினேன். அவரை மட்டும் திட்டவில்லை. அவர் அடுப்புப் பக்கமாகக் குந்தி, தன் முழங்காலைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். அந்தக் கால்கள் இரண்டும் யாருக்கும் வேண்டாத சாமான் ஆகிவிட்டன.

அதற்குப் பிறகும் அவர் பழகப் போனார். எவனாவது ஒருவனுக்கு முடியாமல் போகலாமே என்று போனார். அட்டனில் லொறி ஏறி, கண்டி வழியாகச் சுற்றிக் கொழும்புக்குப் போன அன்று, நான் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய் நின்றேன். தாயே, அந்த நாலு பேரில் ஒருவனுக்குக் காய்ச்சல் வரட்டும், சாகவேண்டாம், மூன்று நாள் படுத்தால் போதும் என்று வேண்டினேன். இப்படி ஒரு வேண்டுதலை அவள் கேட்டிருக்கவே மாட்டாள்.

மூன்று நாளும் சாயந்தரம், கூடையை இறக்கிவைத்துவிட்டு, ரோட்டடியில் இருந்த தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றேன். அங்கேதான் ரேடியோ இருந்தது. ரேடியோவில் சைக்கிள் என்று சொல்லமாட்டார்கள், துவிச்சக்கர வண்டி ஓட்டம் என்பார்கள். அந்தச் சொல் வந்ததும் கடைக்குள் தலையை நீட்டுவேன். யார் யாரோ பேர்களைச் சொன்னார்கள். மூன்றாம் நாள் முதலாளியின் ஆள் ஒருவன் பேர்கூட வந்தது. கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, “ஒங்க வீட்டுக்காரரு பேரு இல்லீங்களே” என்றார். எனக்குத் தெரியாதா? நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன்.

நாலு பேருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. இவர் மூன்று நாளும் லொறிக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர்களுக்குச் சக்கரம் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மாதத்தோடு முதலாளி சம்பளத்தை நிறுத்தினார். வர்ற வருசம் மலை வந்தால் கூப்பிடுகிறேன் என்று ரேஸ் சைக்கிளையும் வாங்கி வைத்துக்கொண்டார். இவர் அட்டனிலிருந்து நடந்தே வந்தார்.

கணக்கப்பிள்ளையிடம் போனோம். தப்பால் வேலை போனது போனதுதான். கான் வெட்டும் கூட்டத்தில் வேண்டுமானால் நிற்கட்டும் என்றார். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது லேசான வேலை இல்லை. மலையை மிதித்து ஏறிய ஆளுக்கு மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. மத்தியானத்துக்குள் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. சொன்ன தூரத்தில் பாதிக்குச் சற்று மேலேதான் வெட்டி முடித்திருந்தார்.

சாயந்தரம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு நாங்கள் எல்லாரும் பெரட்டுக்களத்தில் நின்றோம். எனக்கு அன்று முழுப் பேர் விழுந்தது. ஆண்கள் பக்கம் வந்த கணக்கப்பிள்ளைக்கு நல்ல கனத்த குரல். என் வீட்டுக்காரர் பேரை, நான் ஒரு வருசமாகக் கேட்கத் துடித்த அந்தப் பேரை, அவர் அப்பா பேரோடு சேர்த்து, எதிர் மலையில் மோதித் திரும்பும்படி கூப்பிட்டார்.

“அரப் பேரு!” என்றார்.

லயத்துப் பெண்கள் யாரும் கேலி செய்யவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “சரிங்கய்யா” என்றார்.