யாகோன் பாத்தியும் கண்டாக்கையாவின் கொப்பியும்

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மூன்று பேர்ச் மரக்கறிப் பாத்தி என் மனைவியின் பொறுப்பில் இருக்கிறது. என் பொறுப்பில் இருப்பது அடுப்பு. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் பதினாறு வருடம் துணி மடித்தேன். கடையை மூடிவிட்டார்கள், மஸ்கெலியாப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் பாத்தி கொடுப்பார்கள். அவள் இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். நான் அவளுக்கு மதியச் சோறு கட்டிக் கொடுக்கிறேன். இதைப் பற்றி லயத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும், நடுச்சுவர் அவ்வளவு மெல்லிசு.

எங்கள் பக்கத்தில் பாத்தி என்றால் கரட், லீக்ஸ், கோவா. எல்லாரும் போடுவதையே நானும் போடுவதென்றால் பிறகு நான் எதற்கு? கைப்பேசியில் நான் பார்க்காத விவசாயக் காணொளி கிடையாது. அந்த நேரம் பார்த்து, பயணிகள் தங்கும் பங்களா ஒன்றில் சமையல் வேலை பார்க்கும் என் பள்ளித் தோழன் ஒரு பை நிறையக் கிழங்கு முளைகளைக் கொண்டுவந்து கொடுத்தான். யாகோன் என்று பெயர். எங்கோ தென்னமெரிக்க மலையில் விளைகிற கிழங்காம். பச்சையாகக் கடித்தால் பேரிக்காய் போல இனிக்கும், சீனி வருத்தக்காரர்களும் பயமில்லாமல் தின்னலாம் என்று காணொளியில் ஒரு தாடிக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். எங்கள் லயத்தில் சீனி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்போதே என்னை ஒரு விஞ்ஞானியாக நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

மனைவி பையைத் திறந்து பார்த்தாள். இஞ்சிக்கு மூட்டுவலி வந்த மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு, "போடுறதுன்னா போடுங்க. ஆனா பாத்தி போச்சுன்னா, உங்களையும் சேத்து வெளிய வச்சிருவேன்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

செடி நெஞ்சுயரம் வளர்ந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள், சிலர் சூரியகாந்தியா என்று கேட்டார்கள். கொழுந்து பறித்துப் பழகிய பெண்களின் விரல் பாத்தியைத் தாண்டும்போதும் சும்மா இருக்காது, நுனியைக் கிள்ளிவிட்டுத்தான் போகும். நட்ட எட்டாம் மாதம் இலையெல்லாம் கறுத்துத் தொங்கி, தண்டும் காய்ந்து குச்சியாகிவிட்டது. கிழங்கு முற்றிவிட்டதற்கு அதுதான் அடையாளம். அதை லயத்துக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சாவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்து, "மனச விட்டுறாதீங்க தம்பி" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஓர் அறிவித்தல் வந்தது. சும்மா கிடக்கும் பாத்திகளைத் தோட்டம் திருப்பி எடுத்துத் தேயிலை நடப்போகிறதாம். மலையில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார், பயிர் நிற்க வேண்டும். மலை மலையாகத் தேயிலை நட்டும் இவர்களுக்கு எங்கள் மூன்று பேர்ச்சில் வந்து நிற்கிறது பசி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி, கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவினாள். கிழங்கு கீழே இருக்கிறது, பயப்படாதே என்றேன்.

"அவரு கீழ பாக்கமாட்டாருங்க. அவரு குனிஞ்சு நான் பாத்ததே இல்ல."

அதனால் நான் என் மூளையைப் பயன்படுத்தினேன். வியாழக்கிழமை பஸ் ஏறி அட்டனுக்குப் போய், யாகோன் கிழங்கின் படத்தைக் கலரில் அடித்து, பிளாஸ்டிக் உறையும் போட்டு வாங்கி வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பாத்தியில் ஒரு குச்சி இல்லை.

பெரியவர்கள் யாராவது வருகிறார்கள் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கை பரபரக்கும். பாதையைக் கூட்டுவார்கள், தண்ணி ஓடும் கானை வழிப்பார்கள், ஓரத்துக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். என் மனைவியோடு கொழுந்தெடுக்கும் பெண்கள் நாலு பேர், அவள் விறகுக்குப் போயிருந்த நேரத்தில், அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று காய்ந்த குச்சிகளையெல்லாம் ஒட்ட வெட்டி, கானோரம் போட்டு, மண்ணைச் சீவி, சுற்றிவரக் கல் வைத்து வெள்ளையும் அடித்திருந்தார்கள். எந்தக் கிழங்கு எங்கே இருக்கிறது என்று இனி எனக்கே தெரியாது. அவர்கள் பாராட்டை எதிர்பார்த்து வரிசையாக நின்றார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

வெள்ளிக்கிழமை கொழுந்து நிறுவை முடிந்த பிறகு கண்டாக்கையா பதிவுக் கொப்பியோடு வந்தார். பாத்தியைப் பார்த்தார். நான் படத்தை நீட்டினேன். இது எந்த ஊரில் எடுத்த படம் என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

மனைவி நிலம் புரட்டும் இரும்பு முள்ளை எடுத்து மண்ணில் குத்தினாள். முதல் குத்தில் மண். இரண்டாவதிலும் மண். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வெளியே வைப்பது என்று அவள் சொன்னது அப்போது எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. மூன்றாவது குத்தில் முள் தடுக்கியது. புரட்டினால், கைக்குழந்தையின் கனத்தில் ஒரு கிழங்குக் குலை.

ஒன்றை வைத்து எழுத முடியாது, எல்லாவற்றையும் எடுத்துக் காட்டு என்றார் கண்டாக்கையா. வேடிக்கை பார்த்து நின்ற அந்த நாலு பெண்களும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். முழங்கால் உயரத்துக்குக் கிழங்கு குவிந்தது. என் பெருமை அதைவிட உயரமாகக் குவிந்தது. கண்டாக்கையா குவியலைப் பார்த்தார், பிறகு பாத்தியைப் பார்த்தார்.

"இப்ப பாத்தி காலியா இருக்கே" என்றார்.

என் வாயில் நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

"கொஞ்சம் நில்லுங்க ஐயா, எழுதிறாதீங்க" என்றாள் மனைவி. கிழங்கின் தலையில் இருந்த முளைகளை மளமளவென்று ஒடித்து மண்ணில் புதைத்துக்கொண்டே போனாள். கானோரம் கிடந்த காய்ந்த குச்சிகளை அள்ளிவரச் சொன்னாள். பெண்கள் அவள் பின்னாலேயே வந்து முளைக்கொரு குச்சியாக ஊன்றினார்கள், தேயிலைக்கன்று வைக்கிற அதே நேர் வரிசையில். எல்லாம் செத்த குச்சி, ஓர் இலை கிடையாது. கண்டாக்கையா இரண்டடி பின்னால் போய்ப் பார்த்துத் தலையாட்டினார். இப்போது பயிர் நிற்கிறது என்றார்.

என்ன பயிர் என்று கேட்டார். நான் படத்தோடு முன்னால் போனேன். மனைவி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கரட் என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள். எழுதிக்கொண்டார். தனக்கும் சீனி இருப்பதாகச் சொல்லி ஒரு பை கிழங்கும் வாங்கிக்கொண்டார்.

போகிற மனிதரை மறித்து, கொப்பியைக் கொஞ்சம் காட்டச் சொன்னாள். அவர் காட்டினார். மண் அப்பிய விரலைத் தாளில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவர் இறங்கிப் போன பிறகும் அங்கேயே நின்றாள்.

"இருபத்திரெண்டு வருசமா எம் பேருக்கு நேரா கொழுந்து எத்தன கிலோன்னுதாங்க எழுதியிருக்காங்க. இன்னைக்குத்தான் நெலத்த எழுதியிருக்காங்க."

படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, சாய்ந்திருந்த ஒரு குச்சியை நிமிர்த்தி ஊன்றினேன்.