ஒரே அலைவரிசையில் இரண்டு கோபுரங்கள், நடுவே என் சித்தி

உடையார்பாளையத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் என் சித்தி, மரக்கிளைகளை வெட்டிச் சீராக்கும் கவாத்து பற்றி வானொலியில் பேசியிருந்தார். ஆடி மாதம், ஒரு செவ்வாய் மாலை ஆறரைக்கு ஒலிபரப்பு. மறுபடி போட மாட்டார்கள். கைப்பேசியிலும் அந்த நிகழ்ச்சி வராது. கூட உட்கார்ந்து கேட்பதற்காகவே பெரம்பலூரிலிருந்து கிளம்பினேன்.

எங்களுக்கு ரயில் இல்லை, பஸ்தான். அரியலூருக்கு ஒரு மணி நேரம், முப்பது ரூபாய். அங்கே மாறி இன்னொரு மணி நேரம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலை. ஜன்னலோரம் வேண்டாம், புழுதி.

பெரிய ஒலிபரப்புக் கோபுரம் சித்தி ஊருக்கு மேற்கே, அரியலூர்ப் பக்கம். அது எட்டாத ஊர்களுக்காக வைத்த துணைக் கோபுரம் வடக்கே. ஒரே நிகழ்ச்சி, ஒரே அலைவரிசை. சித்தி ஊரில் இரண்டும் சம பலத்தில் வந்து மோதுவதால் குரல் ஏறி இறங்கிக் கரகரக்கும். சித்தப்பா ரேடியோவிலிருந்து தென்னை மரம் வரை செம்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். இரண்டு கோபுரமும் முன்னைவிடச் சத்தமாகச் சண்டை போட்டன.

“கம்பி இன்னும் கொஞ்சம் நீளம் பத்தல, அவ்ளோதான்.”

“உங்க கம்பிய நீங்களே கட்டிக்கிட்டு கேளுங்க. எம் பேச்சு ஒரே ஒரு தடவதான் வரும்,” என்று சித்தி சின்ன ரேடியோவுடன் ஆட்டோவில் ஏறினார், கூடவே நானும். அரியலூர்ப் பக்கம் போகப் போகப் பெரிய கோபுரம் மட்டும் கேட்கும் என்பது எங்கள் கணக்கு. ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய்.

பாதி வழியிலேயே ஆறரை ஆகிவிட்டது. மடியிலிருந்த ரேடியோவில் சித்தி வணக்கம் சொல்லி, கரகரப்பில் மூழ்கிப்போனார். ஒரு வளைவில் குரல் துல்லியமாக எழுந்தது. வளைவு தாண்டியதும் மறுபடி கரகரப்பு.

“தம்பி, பின்னால எடு! அங்கதான் கேட்டுச்சு.”

“இது ஆட்டோக்கா, ரேடியோ முள்ளு இல்ல,” என்றாலும் ஓட்டுநர் எடுத்தார்.

கேட்டது. எனக்குக் காட்ட சித்தி ரேடியோவைத் தூக்கினார், போய்விட்டது. வாங்கி மெல்லத் திருப்பினேன், வந்தது. இடம் காரணமில்லை, திசைதான். ரேடியோவுக்குள்ளே அலையை வாங்கும் காந்தக் குச்சி ஒன்று இருக்கும்; அதன் முனை எந்தக் கோபுரத்தைப் பார்க்கிறதோ, அது அமுங்கிவிடும். மற்றது தனியாகக் கேட்கும்.

சித்தி உடனே சித்தப்பாவுக்கு போன் போட்டு, ரேடியோவோடு சேர்த்துப் பிடித்தார். “கேக்குதாங்க? காஞ்ச கெளய வெட்டுற எடம் வருது பாருங்க...”

“செத்த சும்மா இரு புள்ள, நீ பேசுறத கேக்க விடு.”

சித்தி வாயைப் பொத்திக்கொண்டார். ஓட்டுநர் இன்ஜினையும் அணைத்துவிட்டார்.

இந்தப் பக்கம் ரேடியோவோடு வருகிறவர்களுக்கு: கம்பி கட்டாதீர்கள், அது இரண்டு கோபுரத்தையும் சேர்த்துத்தான் இழுக்கும். ரேடியோவை மெல்லத் திருப்பிப் பாருங்கள். வீட்டிலேயே செய்திருக்கக்கூடியதுதான். ஆனாலும் அந்த ஆட்டோக் கூலியை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

கம்பியைச் சித்தப்பா இன்னும் அவிழ்க்கவில்லை. சித்தி அதில் துணி காயப்போடுகிறார்.