ஓரகத்தி வீட்டைச் சுற்றிய ஏழு நாள்

"எரிகோ ஜெபம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். நன்னிலம் பக்கம் எங்கள் ஊரில் அதை முன்னால் நின்று நடத்தியவளே நான்தான். அதனால் இங்கே பிறரைத் திட்டும்போது என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயதில் வலிப்பு வந்தது. திருவாரூரில் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு வேளை கூட விடக்கூடாது என்றார். கணவர் சிங்கப்பூரில் இருந்தார். ஆஸ்பத்திரியில் என்னோடு இரண்டு நாள் தரையில் படுத்துக் கிடந்தவள் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. பக்கத்து வீடு. மாரியம்மன் திருவிழாவில் அவளுக்கு அருள் வரும். நான் கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை தடித்ததில்லை.

மாத்திரை சாப்பிட்டும் இன்னொரு முறை வலிப்பு வந்தது. சபையில் ஜெபம் நடத்துபவர், எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், வீட்டுக்கு வந்தார். மகள் நெற்றியில் எண்ணெய் பூசி, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு, பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டினார்.

"அங்கேருந்துதாம்மா வருது. சாமியாடுற வீடு. அந்த ஆவியக் கட்டி ஜெபிக்கணும்."

பைபிளில் இஸ்ரவேலர் சுற்றிவந்து எரிகோ மதிலை விழவைத்தது போல, ஆறு நாள் அந்த வீட்டை ஒவ்வொரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று, கடைசியில் ஆர்ப்பரிப்பு. மாத்திரையை நிறுத்து என்று அவர் வாயால் சொல்லவில்லை. "விசுவாசம் வேணும்" என்றதோடு சரி. புத்திகெட்ட நான்தான் மாத்திரை அட்டையைக் கொண்டுபோய் வாய்க்காலில் எறிந்தேன்.

விடிந்தும் விடியாமல் எட்டு பேர் அவள் வீட்டைச் சுற்றினோம். வாசல் தெளித்தபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், "என்னடி பண்றீங்க?" என்று கேட்டாள். தலையைக் குனிந்தபடி அவளைத் தாண்டி நடந்தேன். வாய் திறக்காமல் சுற்றவேண்டும் என்பது விதி. எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

ஏழாம் நாள் கடைசிச் சுற்றில் ஆர்ப்பரித்தோம். அந்த நேரம் பார்த்து என் வீட்டு வாசலில் மகள் அலறிக்கொண்டு விழுந்தாள். கண் மேலே செருகி, கைகால் வெட்டியது. நான் ஓடப்போனேன். அந்த அண்ணன் கையை நீட்டித் தடுத்தார்.

"போவாதீங்க. அது வெளிய போவுது. இன்னும் சத்தமா ஸ்தோத்திரம் சொல்லுங்க."

சொன்னேன். பெற்றவள் நான், நின்ற இடத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன்.

எங்களைத் தள்ளிக்கொண்டு ஓடியவள் ஓரகத்திதான். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துவிட்டு, தெருமுனை ஆட்டோவைக் கூவி அழைத்தாள். வழியெல்லாம் பிள்ளை அவள் மடியில்தான் கிடந்தது. "மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?" என்று டாக்டர் கேட்டபோதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிள்ளை பிழைத்தது. அடுத்த ஞாயிறு அந்த அண்ணன் கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஜெபத்தால்தான் பிள்ளை பிழைத்தது என்று சாட்சி சொல்ல என்னை எழுப்பினார். எழுந்து சொன்னேன். "பிசாசுன்னு சொல்லி நாம சுத்துன வீட்டுக்காரிதான் என் பிள்ளையக் காப்பாத்துனா. பிசாசு பிடிச்சிருந்தது எனக்குத்தான்." மைக்கை நிறுத்திவிட்டார்கள்.

ஜெபத்தை நான் விடவில்லை. ஆவிக்குரிய போராட்டம் உண்டு என்றும் நம்புகிறேன். ஆனால் அடுத்த வீட்டைச் சுட்டிக்காட்டித் தொடங்கும் எந்த ஜெபத்திலும் இனி நிற்கமாட்டேன். தனியாக முழங்காலிட்டு, என் கோழைத்தனத்தை முதலில் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன்.

அந்த ஞாயிறு சபையிலிருந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, மன்னிச்சிருங்க" என்றேன். அவள் நிமிரவில்லை.

"ஏழு நாள் சுத்துனியே, ஒரு நாள் உள்ள வந்து என்னைக் கேட்டியா? பிள்ளைக்காகத் தூக்குனேன், உனக்காக இல்ல. மாத்திரைய இங்க கொண்டாந்து வையி. இனிமே நான் குடுக்குறேன். உன்னை நம்பி விடமாட்டேன்."

காலையும் சாயங்காலமும் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பிள்ளை உள்ளே போய் விழுங்கிவிட்டு வரும்வரை வாசலிலேயே நிற்கிறேன். என்னை உள்ளே வா என்று ஓரகத்தி இதுவரை சொல்லவில்லை.