சவர்க்காரத்தின் அடி

காலையில் எங்கள் கண்டி வீட்டின் குளியலறை ஜன்னலைத் திறந்தால் ஹந்தானை மலை இருக்காது. பனிமூட்டம் தின்றிருக்கும். நான் பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து, டப்பாவில் உள்ள சவரச் சவர்க்காரத்தின் மேல் வட்டம் வட்டமாகச் சுழற்றுவேன். நுரை எழும்பும். பூசிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் என் முகமும் இருக்காது. மலையும் நானும் சேர்ந்து காணாமல் போய்விடுவோம். ரேசரை இழுக்க இழுக்க நான் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவேன். நாளில் எனக்கு மிகவும் பிடித்த கால்மணி நேரம் அதுதான்.

அதற்கு ஒரு பிரஷ், ஒரு ரேசர், ஒரு டப்பா போதும். என்னிடம் டப்பா மட்டும் நாற்பது இருந்தது. சந்தனம், எலுமிச்சை, புகையிலை, வாயில் பெயர் நுழையாத பூக்கள். ஒன்று எட்டு மாதம் வரும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. எல்லாவற்றையும் முடிப்பதற்குள் தாடி முளைப்பதே நின்றுவிடுமோ என்று நானே பயந்திருக்கிறேன். பயந்துகொண்டே நாற்பதாவதை வாங்கினேன்.

அலுமாரியில் முதலில் ஒரு தட்டு, பிறகு இரண்டு. என் மனைவியின் சேலைகள் மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் போயின. மிச்சம் இருந்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு அவள் கோயிலுக்குப் போன அன்று, சேலையில் புகையிலை வாசம் அடித்திருக்கிறது. வந்ததும் தீர்ப்பு.

"என்னங்க, ஒரு டப்பாவோட அடி கண்ணுக்குத் தெரியணும். அப்புறந்தான் அடுத்தது. மீறுனீங்க, அம்புட்டையும் சந்தி சலூன்காரர்கிட்ட தூக்கிக் குடுத்துருவேன்."

"சத்தியமா வாங்க மாட்டேன்."

"சத்தியம் எல்லாம் வேணாம். அடியைக் காட்டுங்க."

சொன்னால் செய்வாள். என் மீன்தொட்டி இப்போது பக்கத்து வீட்டில் இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமையே கம்பளையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா எனக்குப் போன் எடுத்தார். எனக்கு வழக்கமாகச் சாமான் தருகிறவர்.

"அண்ணே, கறுவாவும் மழையும் கலந்த மாதிரி ஒரு வாசம். ஒண்டே ஒண்டுதான் மிச்சம் ஈக்கி. ஞாயித்துக்கெழம வரைக்கும் வெச்சீக்கிறேன்."

சந்தன டப்பாவில் இன்னும் கால்வாசி இருந்தது. ஆறு நாளில் அடி தெரிய வேண்டும். காலை, மாலை, படுக்கப்போகும் முன் என்று மூன்று வேளை மழித்தேன். செவ்வாய்க்கிழமையே மழிக்க ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் மழித்தேன். புதன்கிழமை முழங்கை வரை போனேன். வியாழக்கிழமை என் முகம் அவித்த பீட்ரூட் போல ஆனது. டொக்டர் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன செஞ்சீங்க?"

"ஷேவ் எடுத்தேன்."

"எதால, தேங்காய் துருவலையாலயா? ஒரு மாசத்துக்கு பிளேட்டைத் தொடவே கூடாது."

நானாவிடம் சொன்னேன். "ஒரு மாசம்தானே, வெச்சீக்கிறேன்" என்றார். அந்த இரக்கம்தான் என்னைக் கொன்றது.

தாடி வளர்ந்தது. கார்த்திகை மாதம் வேறு. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"சாமி, ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கீங்களா? சட்டைக்குள்ளயா?"

சவர்க்காரம் வாங்குவதற்காக என் தோலை நானே உரித்துக்கொண்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? மெதுவாகச் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து கென்டீனில் எனக்கு மரக்கறி ரோல்ஸ்தான். மட்டன் ரோல்ஸ் தட்டு என்னைப் பயபக்தியோடு சுற்றிக்கொண்டு போகும்.

நான்காவது வாரம் சனிக்கிழமை, தாங்க முடியாமல் ரயில் ஏறினேன். மகாவலி கொஞ்ச தூரம் கூட வந்தது, பிறகு மரங்களுக்குள் புகுந்துகொண்டது. நான் அரைத் தூக்கத்தில், நாற்பது டப்பாக்களும் தண்ணீரில் மிதந்துபோவது போலக் கனவு கண்டேன்.

நானா என்னைப் பார்த்துக் கல்லாவிலேயே சாய்ந்து சிரித்தார். "தாடியோட வந்து ஷேவிங் சோப் கேக்கிற மொத ஆள் நீங்கதான் அண்ணே." டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷால் நுரை கிளப்பி, என் வலது உள்ளங்கையில் வைத்தார். முகர்ந்தேன். கடை போய்விட்டது, தெரு போய்விட்டது. எங்கேயோ ஈரக் கறுவா மரங்களுக்கு நடுவே மழை விட்டிருந்தது.

"சுத்தித் தரவா?"

கண்ணைத் திறந்தேன். டப்பா விளிம்பு வரை நிறைந்திருந்தது. இதைக் கொண்டுபோனால் இதுவும் இருட்டுத் தட்டில் நாற்பத்தோராவதாக நிற்கும். அதன் முறை வரும்போது இந்த மழை இருக்குமா? சலூன்காரர் முகமும் ஞாபகத்துக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"வேணாம் நானா. நாளைக்கே பூசிக்கிற ஆளுக்குக் குடுங்க."

"மோந்து பாக்கவா கண்டியில இருந்து ரயில் ஏறி வந்தீங்க?"

"ஆமா."

துணியால் கையைத் துடைத்துவிட்டார். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இரண்டு தடவை திரும்பி நடந்தேன். இரண்டாவது தடவை ரயில் வந்து காப்பாற்றியது.

வீட்டில் மனைவி முதலில் பையைக் கவிழ்த்தாள். பிறகு சட்டைப் பை. பிறகு மூக்கைச் சுளித்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கிட்டீங்க!"

"மோந்து மட்டும் பாத்தேன். சத்தியமா."

மறுபடி முகர்ந்தாள். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "சரி, கையைக் கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது."

அன்றைக்கு நான் கரண்டியால் சாப்பிட்டேன்.