அம்மாக்கண்ணு அடித்த மஞ்சள்

என் தங்கை அம்மாக்கண்ணு ஜமுனாமரத்தூரில் வாடகைக்கு விடக் கட்டிய இரண்டு வீடுகளும் 1983 மார்கழியில் காலியாகக் கிடந்தன. மலைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த சுவரைக் கண்டதும், "வெளியவிட உள்ளதான் குளுருது" என்று போளூருக்கே திரும்பிவிடுவார்கள். மாசிக்குள் ஆள் வராவிட்டால் இரண்டிலும் புளி மூட்டை அடுக்கப்போவதாக அவள் புருஷன் லட்சுமணன் சொல்லிவிட்டான்.

குளிரைக் கூட்டிக் காட்டுவது அந்த நீலம்தான் என்று கண்டுபிடித்தவள் என் தங்கை. உடைந்த கூரை ஓடுகளில் மஞ்சள், இளம்பச்சை, ரோஸ் என்று தடவி, அடுப்போரம் காயவைத்து, ஒவ்வொன்றாக அந்த இருட்டறைக்குள் கொண்டுபோய்ப் பார்த்தாள். மஞ்சள் ஓட்டுத்துண்டைச் சுவரில் சாய்த்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அண்ணா, வெயில் வந்த மாதிரி இல்ல?"

எனக்கும் அப்படித்தான் இருந்தது. சாயப்பொடியை நானே தராசில் நிறுத்து, துணியில் சலித்துக் கொடுத்தேன். வாளிக்கு வாளி சாயல் மாறக்கூடாதே.

முதல் வீட்டை அடித்து முடித்த அன்று மூடுபனி விலகவே இல்லை. மறுநாள் காலையிலும் சுவர் ஈரம். ஈரச் சுண்ணாம்பில் நிறம் கெட்டியாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நர்ஸ் நீலாவதி வீடு பார்க்க வந்து நின்றார்.

"இன்னாங்க இது, வூடா, சாம்பார் அண்டாவா?"

லட்சுமணன் சிரித்துவிட்டான். "மூட்டைய எடுத்தாரட்டா?"

"நீ சும்மா இரு மாமா." அம்மாக்கண்ணு மஞ்சள் ஓட்டை நீட்டினாள். "காஞ்சா இந்த நெறம் வருங்க நர்சம்மா. சாயங்காலம் வரைக்கும் பொறுங்க."

"மத்தியானமே எனக்கு பஸ்ஸு. வூடு அமையலன்னா கலசப்பாக்கத்துலேர்ந்தே வந்து போய்ட்டு இருக்கணும்."

அவ்வளவுதான். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கரியடுப்பைப் பற்றவைத்துச் சுவரோரம் கொண்டுவந்து வைத்தாள் என் தங்கை. நான் முறத்தால் விசிறினேன். நாலு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடுப்புக்கு நேரே ஓர் உள்ளங்கை அகலம் வெளுத்தது.

"தோ! தோ!" என்று கத்தியது நர்ஸ்தான்.

வெளுப்பு முறத்தளவு பரவியது. அம்மாக்கண்ணு ஓட்டை அதன்மேல் ஒட்டிப் பிடித்தாள். எது ஓடு, எது சுவர் என்று தெரியவில்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. யாரும் திரும்பவில்லை.

"சமையக்கட்டுக்கு அந்தப் பச்சை அடிச்சுக் குடுப்பீங்களா?" என்று மூலையில் கிடந்த இளம்பச்சை ஓட்டைக் காட்டிக் கேட்டார் நர்ஸ்.

"இப்பவே கலக்கறேங்க!"

மாசிக்குள் இன்னொரு வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டது. வந்தவர் ஒரு வாத்தியார்; அவர் ரோஸ் கேட்டார். லட்சுமணன் புளி மூட்டைகளைத் தன் கட்டிலைச் சுற்றி அடுக்கிக்கொண்டு தூங்கினான்.